மூன்றாவது விசில்

செஞ்சி,
3.2.2025

அன்பு மகள் மதிக்கு,

நைனா எழுதுகிறேன். நலமா என்று நீ நேற்றுதான் போனில் கேட்டாய், நலம் என்று நாங்களும் நேற்றுதான் சொன்னோம். அந்தப் பாட்டை இங்கே மறுபடியும் பாடவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் உன் அம்மாவிடம் இருக்கிறது. நீ 'ஹலோ' என்றதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். நான் வாயைத் திறந்தால், "நீ சும்மா இருய்யா, புள்ள இன்னா துண்ணுச்சின்னு கேக்குறேன்" என்கிறாள். அவள் காதில் விழக்கூடாத ஒன்றை உன்னிடம் கேட்க வேண்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. பொங்கலுக்கு நீ வந்து போன பிறகு, பத்திரிகை நிருபர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்தார். வண்டி கிளம்ப இரண்டு நிமிடம் இருந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் நான் சொன்னதை மாவட்டப் பக்கத்தில் போட்டுவிட்டார்: "இங்கிலாந்தில் குறையில்லா லென்ஸ் தயாரிக்கும் செஞ்சி மினி பஸ் ஓட்டுநர் மகள்." ஸ்டீயரிங்கோடு என் போட்டோவும் இருக்கிறது. ரங்கநாதன் முதலாளி அதை வெட்டி, வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. டீக்கடைக்காரர், "முருகையா, எங்க அம்மாவுக்கு ஒண்ணு எடுத்து வைய்யி. கண்ணு முகாம்ல வச்ச லென்ஸு சரியில்லன்னு தெனம் என் உயிர வாங்குது" என்கிறார். மேல்சித்தாமூரில் ஏறும் ஜவுளிக்கடைக்காரர், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து வாங்கினால் விலை குறையுமா என்று கேட்கிறார்.

நான் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டேன். ஆனால் மதி, முதல் லென்ஸை எனக்கு வை.

வலக் கண்ணில் முகாமில் லென்ஸ் வைத்தார்கள் இல்லையா? அதுவும் சரியில்லை, இடக் கண்ணும் சரியில்லை. நேராகப் பார்த்தால் எல்லாம் தெளிவு. பக்கத்தில் இருப்பவைதான் சொல்லாமல் கொள்ளாமல் வருகின்றன. ஆடு ரோட்டில் நடந்து வருவதில்லை, முளைக்கிறது. ஜூலையில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள். அதற்குள் உன் லென்ஸ் வந்துவிட்டால் நல்லது. எப்போது முடியும் என்று எழுது.

அம்மாவிடம் சொல்லிவிடாதே. தெரிந்தால் வண்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். இருபது பேர் பார்க்க அவளைத் தூக்கி ஓரமாக வைக்க என்னால் ஆகாது.

அன்புடன்,
நைனா


லீட்ஸ்,
16.2.2025

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கவரின் மேல் கிரீஸ் விரல் ஒன்று பதிந்திருந்தது. முகவரியைப் படிக்கும் முன்பே யார் கடிதம் என்று தெரிந்துவிட்டது.

நைனா, நான் செய்வது கண்ணில் வைக்கிற லென்ஸ் இல்லை. நம் ஊரில் லென்ஸ் என்றால் முகாமில் வைப்பது ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பொங்கலன்று வரைந்து காட்டியதை வேறு மாதிரி சொல்கிறேன்.

உங்கள் வண்டியின் கடைசி சீட்டில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வருகிறார்கள். முன்னால் இருக்கும் உங்களுக்கு யாரோ பேசுவது மட்டும் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. அந்த வார்த்தைகள் அந்த சீட்டைத் தாண்டுவதற்குள் செத்துவிடுகின்றன. ஒளியும் அப்படித்தான். ஒரு பொருளின் பெரிய உருவத்தைச் சுமக்கிற ஒளி தூரம் வரும். மிக நுணுக்கமான விவரங்களைச் சுமக்கிற ஒளி அந்தப் பொருளின் மேலேயே ஒட்டிக்கொண்டு, ஒரு முடியின் தடிமனைக்கூடத் தாண்டாமல் தேய்ந்துபோகும். எவ்வளவு நல்ல கண்ணாடியில் லென்ஸ் செய்தாலும், வந்து சேராததை அது காட்ட முடியாது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: ஒளியை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வளைக்கிற ஒரு பொருளைச் செய்துவிட்டால், ஜன்னல் கண்ணாடி மாதிரித் தட்டையான தகடே லென்ஸாகும். தேயப்போகிற ஒளியை அது பக்கத்திலேயே இருந்து பிடித்து, பெருக்கி, மறுபக்கம் கொடுத்துவிடும். உங்கள் கண்டக்டர் தேவேந்திரன் அண்ணன் கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்டதை ஒன்று விடாமல் உங்களுக்கு உரக்கச் சொல்வதுபோல.

ஆனால் குறையில்லாதது கணக்கில்தான். நான் வைத்திருப்பது வெள்ளிப் படலம். முடியின் தடிமனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. வந்த ஒளியில் பெரும்பகுதியை வெள்ளியே விழுங்கிவிடுகிறது. டிக்கெட் கிழித்துக்கொண்டே பேசினால் அண்ணன் பாதி வார்த்தையை விழுங்குவாரே, அப்படி. ஐந்தாவது வருடமாக அந்த விழுங்கலோடுதான் என் சண்டை. தவிர, என் லென்ஸ் வேலை செய்கிற ஒளி மனிதக் கண்ணுக்கே தெரியாத ஒளி. அதை யார் கண்ணிலும் வைக்க முடியாது.

இனி உங்கள் கண். ஒரு காரியம் செய்யுங்கள். காலையில் மாடிக்குப் போய் மேற்கே பார்த்து நில்லுங்கள். ராஜகிரி உச்சியை மட்டும் பாருங்கள். கண்ணையும் கழுத்தையும் அசைக்காமல், வலப்பக்கம் கிருஷ்ணகிரி தெரிகிறதா, இடப்பக்கம் சந்திரகிரி தெரிகிறதா என்று எழுதுங்கள். முகாமில் கண் பிரஷர் என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்களே, அதைத் தினமும் கண்ணில் விடுகிறீர்களா என்பதையும் எழுதுங்கள்.

அன்பு மகள்,
அறிவுமதி


செஞ்சி,
2.3.2025

அன்பு மகள் மதிக்கு,

பத்தாவது கணக்குப் பரீட்சை முடிந்த அன்று, ஃபெயில் என்று நீ அழுத அழுகை இந்தத் தெருவுக்கே தெரியும். ரிசல்ட் வந்தது, பள்ளிக்கூடத்திலேயே முதல். பன்னிரண்டாவதிலும் அதே கதை. அதனால் 'கண்ணில் வைக்க முடியாது, பாதியை விழுங்குகிறது' என்று நீ எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்தேன். வேலை முடியப்போகிறது என்று புரிந்துகொண்டேன்.

நீ சொன்னபடி மாடிக்குப் போனேன். ராஜகிரி உச்சியில் இருக்கிற கட்டடம் ஊசிமுனைபோலத் தெரிந்தது. கிருஷ்ணகிரி தெரியவில்லை. சந்திரகிரியும் இல்லை. அந்த இடத்தில் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. முதுகுக்குப் பின்னால் நமக்கு என்ன தெரிகிறதோ அதுதான் தெரிந்தது. கழுத்தைத் திருப்பினேன், மலை வந்துவிட்டது. இதில் பயப்பட என்ன இருக்கிறது? டிரைவர் என்றால் கழுத்து திரும்பிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

சொட்டு மருந்தை தீபாவளிக்கு முன்பே நிறுத்திவிட்டேன். அது கண்ணைச் சிவக்க வைக்கிறது. ஒருநாள் காலை முதல் டிரிப் எடுக்க வந்தபோது முதலாளி என் முகத்தைப் பார்த்து, "இன்னாய்யா முருகையா, விடியறதுக்குள்ளயே போட்டுட்டியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பயணிகளும் சிரித்தார்கள். குடி என்பதை இந்தக் கையால் தொட்டதில்லை என்று உனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியுமா? நம் தெருவில் முதலில் ஸ்டீயரிங் பிடித்தவன் நான். குடிகாரன் என்ற பேர் எனக்கு வந்தால் அது எனக்கு மட்டும் வராது. அன்றோடு நிறுத்தினேன். எப்படியும் லென்ஸ் வரும்வரைதானே அந்த மருந்து.

இன்னொன்று. கடிதத்தில் மட்டும் என்னை 'நீங்கள்' என்கிறாய். வீட்டில் நீ, வா, போதான். தாசில்தாருக்கு மனு எழுதுவதுபோல இருக்கிறது. நைனாவுக்கு எதற்கு நீங்கள்?

அன்புடன்,
நைனா


லீட்ஸ்,
13.3.2025

நைனா,

இதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்துபோய் அந்தச் சொட்டு மருந்தை வாங்குங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

லென்ஸ் என்பது ஹெட்லைட்டின் கண்ணாடி. உங்களுக்குப் போய்க்கொண்டிருப்பது கண்ணாடி இல்லை, ஒயர். கண்ணுக்குள் பிரஷர் ஏறி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருக்கிறது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வரும். வலி இருக்காது. போனது திரும்ப வராது. எந்த லென்ஸும், யார் செய்த லென்ஸும், அதைத் திரும்பக் கொண்டுவராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவது அந்தச் சொட்டு மருந்து ஒன்றுதான். கண் சிவந்தால் வேறு மருந்து தருவார்கள். பாண்டியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போய்க் கேளுங்கள்.

நான் ரிசல்ட்டுக்கு முன்னால் அழுகிற பெண்தான். இது அந்த அழுகை இல்லை, நைனா. இந்த முறை நான் சொல்வது அப்படியே நிஜம்.

வண்டி ஓட்டாதீர்கள். கிருஷ்ணகிரி அவ்வளவு பெரிய மலை. அது தெரியாத கண்ணுக்கு ஒரு குழந்தை எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் மெதுவாகக் கேட்க வந்தேன். 'இங்க நல்ல வெயிலும்மா' என்று பேச்சை மாற்றினீர்கள். 'வெயிலக் கேட்டாளா அவ?' என்று அம்மா சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நேரில் வந்துவிடலாம் என்று பார்த்தேன். விசாவை நீட்டிக்கக் கேட்டிருக்கிறேன். பதில் வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் கேட்டது ரத்தாகும், வேலை பாதியில் நிற்கும். அதுவும் போகட்டும் என்று இரண்டு முறை டிக்கெட் வரை பார்த்துவிட்டேன். நான் வந்துதான் நீங்கள் இறங்க வேண்டுமா? சொன்னால் போதாதா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்காக மட்டும்.

மதி


செஞ்சி,
6.4.2025

அன்பு மகள் மதிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ பயந்திருக்கிறாய் என்று தெரிகிறது. பயப்படாதே. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். வழி உன் கடிதத்திலேயேதான் இருந்தது, பழைய கடிதத்தில்.

தேவேந்திரன் உன்னைப் பற்றி எப்போதும் கேட்பான். அவன் பெயரை நீ எழுதியிருந்ததால் அந்த இடத்தைப் படித்துக் காட்டினேன். "இன்னாண்ணே, என்னைய லென்ஸுன்னு எழுதிக்குது உம் பொண்ணு!" என்று அவனுக்கு ஒரே பெருமை. அப்போதுதான் பொறி தட்டியது. எனக்கு எட்டாததைப் பக்கத்தில் நின்று பிடித்து எனக்குக் கொடுக்க ஓர் ஆள் ஏற்கெனவே வண்டியில் இருக்கிறான். அவன் வாயில் விசிலும் இருக்கிறது.

இத்தனை வருடமாக ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. இப்போது மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறோம். சின்னதாக மூன்று அடித்தால் இடப்பக்கம் ஆள். அவன் முன் படிக்கட்டிலேயே நின்று பார்த்துக்கொள்கிறான். வலப்பக்கம் நானே கழுத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும், "மாமா, அந்த மூணு விசிலு இன்னொரு தபா ஊது மாமா" என்கிறார்கள். குறையில்லா லென்ஸ் செஞ்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று உன் பேராசிரியரிடம் சொல்.

ஓட்டாதீர்கள் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டாய். நம் வழியில் ஓர் ஊர் இருக்கிறது, பெயர் வேண்டாம். அந்த ஊருக்குள் உன் தாத்தா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். இன்று அதே தெருமுனையில் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் பிரேக் போட்டால்தான் ஏறுவார்கள். ஒரு நாளைக்கு ஆறு முறை அந்தக் கைகளைப் பார்க்கிறேன். நேராகத்தான் நிற்கிறார்கள், நன்றாகத் தெரிகிறது. அதை விட்டுவிட்டு நான் வீட்டில் என்ன பார்ப்பேன், சொல்.

போன புதன்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது. வேறு யாராவது பெரிதாக்கிச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். தளவானூருக்கு முன்னால் ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் சைக்கிளில் குறுக்கே வந்துவிட்டாள். நம் இடப்பக்கக் கண்ணாடி அவள் பையில் பட்டது. சைக்கிளோடு மண்ணில் சாய்ந்தாள். டிபன் பாக்ஸ் உருண்டு டயருக்கு அடியில் போனது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. தேவேந்திரன் இறங்கி, "கண்ண எங்க வச்சிக்கினு வர்ற நீ?" என்று அவளைத் திட்டினான். "நான் ஓரமாத்தாண்ணா வந்தேன்" என்றாள். அழவில்லை, தைரியமான பெண். அவன் யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தானாம். விசில் வாயில்தான் இருந்ததாம். மறுநாள் அவளுக்குப் புது டிபன் பாக்ஸ் வாங்கிக்கொடுத்தேன், மூன்று அடுக்கு.

சொட்டு மருந்து வாங்க வேண்டும். வாங்குகிறேன்.

அன்புடன்,
நைனா


லீட்ஸ்,
17.4.2025

நைனா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ வண்டியில் இருக்க மாட்டாய். உன்னை இறக்கியது நான்தான். வேறு யார் மேலேயும் சந்தேகப்படாதே, தேவேந்திரன் அண்ணனோடு சண்டைக்குப் போகாதே.

முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். உன்னிடம் கேட்டுவிட்டு வந்து, "சொட்டு மருந்து வுட்டுக்கினுதான்டி இருக்காரு, பாட்டிலக் காட்டுனாரு" என்றாள். "ஆட்டிப் பாரும்மா" என்றேன். காலிப் பாட்டில். அதற்குள் நீ முதல் டிரிப்புக்குப் போய்விட்டாய்.

அப்புறம்தான் பொங்கலன்று வண்டிக்குப் பின்னால் நின்று நாம் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் தோளுக்கு மேலே பெயின்ட்டில் முதலாளியின் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டேன். "இன்னாம்மா சொல்ற? ஒரு கீறல் இல்லாம ஓட்டிக்கினு இருக்குறாரு உங்க நைனா. அந்தப் பொண்ணுதான் குறுக்க வந்துச்சின்னாங்க" என்றார். நான் விசிலைப் பற்றிச் சொன்னேன். கிருஷ்ணகிரியைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "சாவிய வாங்கிக்குறம்மா" என்றார்.

என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் நான் எழுதியதை எடுத்து அதில் நீ ஒரு விசிலைச் செய்துகொண்டாய். நான் எழுதியதில் அடுத்த வரியை மட்டும் விட்டுவிட்டாய், விழுங்கும் என்ற வரியை. 'டிபன் பாக்ஸ் உருண்டு டயருக்கு அடியில் போனது' என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறேன். அதற்கு மேல் கடிதத்தைப் படிக்க முடியவில்லை. அவள் பெயரையாவது கேட்டாயா?

அந்தக் கைகளைப் பற்றி நீ எழுதியது எனக்குப் புரியாமல் இல்லை. உன் மகள்தானே நான். புரிந்துகொண்டேதான் போன் செய்தேன்.

பாண்டிக்குப் போ, நைனா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. இந்த வாரமே போ.

மதி


லீட்ஸ்,
20.5.2025

நைனா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன் செய்தால் அம்மா எடுக்கிறாள். "தோ இங்கதான் இருந்தாரு, கோட்டப் பக்கம் போய்ட்டாரு" என்கிறாள். பின்னால் நீ இருமுவது கேட்கிறது. ஸ்பீக்கரில்தானே போட்டிருக்கிறாள், பேசு என்று கத்த வேண்டும்போல இருக்கிறது. கத்துவதில்லை. 'சாப்டியா?' என்கிறாள், சாப்பிட்டேன் என்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்டால், "அத அவரே எழுதுறேன்னாரு" என்று முடித்துவிடுகிறாள். நீ சொல்லிக்கொடுத்துச் சொல்கிறாள்.

போன வியாழக்கிழமை என் வெள்ளிப் படலம் வேலை செய்தது. சாதாரண லென்ஸுக்கு ஒரே கோடாகத் தெரிகிற இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஐந்து வருடமாக அதற்குத்தான் காத்திருந்தேன். உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். நீ கோட்டைப் பக்கம் போயிருந்தாய். மறுநாள் அந்தப் படலம் காற்றுப் பட்டுக் கறுத்துவிட்டது. மறுபடி செய்தால் வரும் என்கிறார்கள். எனக்கு அதைத் தொடவே கை வரவில்லை.

நீ என்னோடு பேச வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். ஒரு கார்டில், மருந்து விடுகிறேன் என்று இரண்டு வார்த்தை எழுதிப் போடு. அது இல்லாமல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு நாளும் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறது, நைனா. இங்கே உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மதி


செஞ்சி,
29.6.2025

உயர்திரு மு. அறிவுமதி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தாமதத்துக்குக் காரணம் உண்டு. எழுதும்போது வரி மேல் வரி ஏறிக்கொள்கிறது. இதையும் மூன்று நாளாக எழுதுகிறேன்.

தாங்கள் போன் செய்த மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டில், வண்டி நிறைய ஆட்கள் இருக்கும்போது முதலாளி சாவியைக் கேட்டார். அவர் மேல் குறையில்லை, மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அது பஸ் ஸ்டாண்ட். தேவேந்திரனையும் அன்றே நிறுத்திவிட்டார்கள். லாரியில் லோடு ஏற்றப் போகிறான், என்னோடு பேசுவதில்லை. முன் கண்ணாடியில் ஒட்டிய பத்திரிகைத் துண்டு அப்படியே இருக்கிறது. புது டிரைவர் அதோடுதான் ஓட்டுகிறார்.

மே மாதம் தங்கள் தாயாருடன் பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் தங்கள் வயதுப் பெண். இடக் கண் போய்விட்டது என்றார். வலக் கண்ணில் நடு மட்டும் இருக்கிறது, ஒரு தட்டு அகலம். மருந்து விட்டால் அதாவது மிஞ்சும் என்றார். "மருந்த நிறுத்திட்டு இத்தன மாசம் இன்னா பண்ணீங்க ஐயா?" என்று கேட்டார். லென்ஸுக்குக் காத்திருந்தேன் என்று சொன்னேன். எந்த லென்ஸ் என்றார். அதே செய்தியை இன்னொரு பத்திரிகையில் வெட்டிப் பையில் வைத்திருந்தேன், அதைக் கொடுத்தேன். முழுவதும் படித்தார். இருந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

காலையிலும் மாலையிலும் தங்கள் தாயார் சொட்டு மருந்து விடுகிறார். இது வேறு மருந்து, கண் சிவப்பதில்லை. தாங்கள் கேட்ட தகவல் இதுதான்.

போன வாரம் பயணியாக வண்டியில் ஏறித் தளவானூர் வரை போய் வந்தேன். கடைசி சீட்டில் இடம் கிடைத்தது. எனக்கு முன் சீட்டில் இருவர் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். "முருகையனுக்குக் கண்ணு பூட்ச்சாமே?" "கண்ணு பூட்டா பரவால்ல, பெத்த பொண்ணே போட்டுக் குடுத்துட்ச்சாம்யா." பக்கத்தில் இருந்ததால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. ஓட்டுகிறவருக்குக் கேட்டிருக்காது. பெயர் வேண்டாம் என்று எழுதிய அந்த ஊர்த் தெருமுனையில் இப்போதும் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். புது டிரைவருக்கும் அதே கைதான்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் அந்தப் பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். கழுத்தை முழுவதும் திருப்பிப் பார்த்தேன். ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் திருப்பத்தில் ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கரை. குறுக்கே வர அங்கே வழியே இல்லை. இருபத்திரண்டு வருடம் ஓட்டிய ரோடு, எனக்குத் தெரியாதா? அன்றே தெரியும்.

அவள் பெயர் எழிலரசி. தாங்கள் கேட்டிருந்தீர்கள்.

தங்கள் லென்ஸ் ஒரு நாள் வேலை செய்தது குறித்து மகிழ்ச்சி. இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். எனக்கு எழுத்துக் கூடுவதில்லை, தங்கள் தாயாருக்குப் படிக்கத் தெரியாது. வேறு ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு விருப்பம் இல்லை.

இப்படிக்கு,
மு. முருகையன்
முன்னாள் ஓட்டுநர்

பி.கு.: அங்கே எந்நேரமும் மழையாமே. ரோட்டைத் தாண்டும்போது ரெண்டு பக்கமும் பார்த்துப் போ.